கடிகாரத் துடிப்பும் பண்டப் பெறுமதியும்: ஓவர்குளொக்கிங் பற்றிய சில சிந்தனைகள்

கணினி பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இரு வகைப்படும். ஒன்று, கருவியை இயக்கும் முறையைக் கூறுவது. மற்றையது, கருவியின் ஆற்றலை வியப்பது. கணினி ஒரு பண்டம் என்பதும், அதன் இயல்புகள் என நாம் கொள்வனவற்றுட் சில சந்தையின் தேவைகளால் நிருணயிக்கப்பட்டவை என்பதும் இவ்விரு வகை எழுத்துக்களிலும் இடம்பெறுவது அரிது. உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே கணினியைப் பொருத்திக்கொள்வோரிடையே ‘ஓவர்குளொக்கிங்’ என வழங்கும் செயல் இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தும் ஒன்றாகும். அதன் தொழில்நுட்ப அடிப்படையையும் அதற்குப் பின்னாலுள்ள பொருளாதார உறவுகளையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொழில்நுட்பம். கணினியின் முறைவழியாக்கியிலுள்ள திரான்சிற்றர்கள் ஒரு பொதுவான கடிகாரத் துடிப்புக்கு இசைந்து இயங்குகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட காலத்தினுள் மின்சைகைகள் தமக்குரிய இடத்தைச் சென்றடைதல் வேண்டும். தாய்ப்பலகை வழங்கும் அடிப்படை மீடிறனை, முறைவழியாக்கிக்குரிய பெருக்கியெண்ணாற் பெருக்க வருவதே அதன் கடிகாரவேகமாகும். இவ்விரண்டில் ஒன்றை, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மேலாக உயர்த்துவதே ஓவர்குளொக்கிங். துடிப்பிடைவெளி அளவுமீறிக் குறுகின், சைகைகள் உரிய காலத்திற் சென்றடையாமையாற் கணிப்பிற் பிழைகள் நேரும். கணினி செயலற்று நிற்கும். வோல்ற்றளவைக் கூட்டினால் திரான்சிற்றர்கள் விரைந்து இயங்கும். ஆனால் இயக்கத்தின்போது செலவாகும் வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் விகிதசமமாக உயரும். மீடிறனை 50 வீதமும் வோல்ற்றளவை 10 வீதமும் கூட்டினால் அவ்வலு ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். அவ்வலு முழுவதும் வெப்பமாக வெளிப்படுகிறது. பெரிய விசிறிகளும் நீர்க்குளிர்த்தலும் தேவைப்படுவது இதனாலேயே.

இனி, இத்துறையிற் பெரிதும் பேசப்பட்ட ஓர் உதாரணத்தை நோக்குவோம். 1998 ஆகஸ்டில் இன்ரெல் கம்பனி ஒரே நாளில் இரு முறைவழியாக்கிகளைச் சந்தைக்கு விட்டது. ஒன்று 450 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் 2. மொத்தக் கொள்வனவில் விலை 669 டொலர். மற்றையது செலரோன் 300ஏ. விலை 149 டொலர். பின்னையதன் பெருக்கியெண் 4.5 ஆகப் பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹேர்ட்ஸ் அடிப்படை மீடிறனில் 300 மெகாஹேர்ட்ஸ் வேகம் கிடைக்கும். ஆனால் பென்ரியத்துக்கெனத் தாய்ப்பலகைகளில் அமைந்திருந்த 100 மெகாஹேர்ட்ஸ் மீடிறனை அதற்கும் வழங்கின், வேகம் 450 ஆகிவிடும். தாய்ப்பலகையில் இதற்கு வசதியில்லாதவிடத்து, பி21 எனும் தொடுமுனையை ஒட்டுநாடாவினால் மறைத்தே பலர் இதனைச் சாதித்தனர். பென்ரியத்தின் இரண்டாம்நிலைத் தற்காலிக நினைவகம் 512 கிலோபைற். எனினும் அது பாதி வேகத்திலேயே இயங்கியது. செலரோனில் அது 128 கிலோபைற்றே. ஆயின் முழுவேகத்தில் இயங்கியது. எனவே விளையாட்டுகள் போன்ற பல பயன்பாடுகளில் 149 டொலர்ப் பண்டம் 669 டொலர்ப் பண்டத்துடன் ஏறத்தாழச் சமமாக நின்றது.

இங்கு எழும் வினா யாதெனில், 450இல் இயங்கவல்ல ஒன்று 300 என முத்திரையிடப்பட்டு விற்கப்பட்டது ஏன் என்பதாகும். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லையெனக் கூறுதல் தவறு. ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் யாவும் ஒரே தகைமை உடையன அல்ல. அவை சோதித்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. வெப்பமான அறையிலும் பல்லாண்டுக் காலம் பிழையின்றி இயங்குவதற்குரிய காப்பெல்லை ஒன்றையும் உற்பத்தியாளர் விட்டுவைத்தல் வேண்டும். ஆயினும் உற்பத்திமுறை முதிர்ச்சியடைய, உயர்தரத்தைத் தாண்டும் சில்லுகளின் தொகை பெருகுகிறது. மலிவுச் சந்தையின் தேவையோ குறைவதில்லை. அந்நிலையில் ஆற்றலுள்ள சில்லே குறைந்த முத்திரையுடன் விற்கப்படுகிறது. ஆகவே முத்திரையிலுள்ள எண் பௌதிக விதியை மட்டும் அன்று, வாங்குவோரைப் பணவசதிப்படி பிரிக்கும் விலைக்கொள்கையையும் குறித்து நிற்கிறது. பயன்பெறுமதியை மட்டுப்படுத்துவதன் மூலம் பரிவர்த்தனைப் பெறுமதி காக்கப்படுகிறது.

முற்போக்கு நோக்குடையோர் சிலர் ஓவர்குளொக்கிங்கை மூலதனத்துக்கு எதிரான கிளர்ச்சியாகக் காண விழையக்கூடும். அது மிகைப்பட்ட முடிவாகும். ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ் இயந்திரத்தின் தேய்வை இரண்டாகப் பகுத்தார். ஒன்று பௌதிகத் தேய்வு. மற்றையது, சிறந்த அல்லது மலிவான இயந்திரம் தோன்றியமையாற் பழையது பெறுமதி இழத்தல். ஓவர்குளொக்கிங் செய்பவர் இரண்டாவதைப் பிற்போடுகிறார். அதற்காக முதலாவதை விரைவுபடுத்துகிறார். உயர்ந்த வோல்ற்றளவும் வெப்பமும் சில்லின் நுண்ணிய இணைப்புகளை நாளடைவில் அரிக்கும் என்பதால், இவ்வாதாயத்துக்கு ஒரு விலையுண்டு. அவ்விலை தனிமனிதராலேயே செலுத்தப்படுகிறது. உற்பத்தி உறவுகள் இதனால் மாற்றமடைவதில்லை.

மூலதனம் இதனை எதிர்கொண்ட முறையே பெரிதும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் அது தடுத்தது. பெருக்கியெண்ணைப் பூட்டியமைக்கு, வணிகர் சிலர் முத்திரையை மாற்றி விற்ற மோசடி காரணமாகக் காட்டப்பட்டது, அம்மோசடி உண்மையே. பின்னர் தடுத்த பொருளையே அது விற்கத் தொடங்கியது. 2010இல் இன்ரெல், சில்லினுள் ஏற்கெனவே அமைந்து முடக்கப்பட்டிருந்த வசதிகளை 50 டொலர் அட்டையொன்றின் இலக்கத்தாற் திறந்துகொள்ளும் திட்டத்தை முயன்றது. கண்டனத்துக்குள்ளான அத்திட்டம் 2011இற் கைவிடப்பட்டது. அதே காலப்பகுதியில் பூட்டப்படாத பெருக்கியெண்ணைக் கொண்ட ‘கே’ வகை முறைவழியாக்கிகள் சற்றுக் கூடிய விலைக்கு வந்தன. ஓவர்குளொக்கிங்கினால் முறைவழியாக்கி பழுதுறின் ஒருமுறை மாற்றித்தரும் காப்புத்திட்டம் 2012 முதல் 2021 வரை விற்கப்பட்டது. பயன்படுத்துவோர் கூட்டாகக் கண்டறிந்த அறிவு இவ்வாறு மீண்டும் பண்டமாக்கப்பட்டது.

அடுத்த கட்டத்திற் காப்பெல்லையையே உற்பத்தியாளர் தமதாக்கிக்கொண்டனர். வெப்பம் காரணமாக மீடிறன் உயர்வு தடைப்பட்டு, 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 திட்டம் 2004இற் கைவிடப்பட்டது. 2008 முதல், வெப்பமும் வலுவும் இடந்தரும்போது தானே வேகத்தை உயர்த்தும் முறை சில்லினுள்ளேயே அமைக்கப்பட்டது. காலப்போக்கில் ஓவர்குளொக்கருக்கு எஞ்சியது சிறிதே. 6 கிகாஹேர்ட்ஸ் வரை சென்ற சில்லுகளையும் கொண்ட 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினி முறைவழியாக்கிகள் பல நிலைகுலைந்தமைக்கு, மிகையான இயக்க வோல்ற்றளவும் காரணம் என 2024இல் இன்ரெல் ஏற்றுக்கொண்டது. உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகளால் நீட்டியது. இவற்றை வாங்கியோரிற் பலர் எவ்வித ஓவர்குளொக்கிங்கும் செய்யாதவர்கள்.

1998இல் வேகத்தின் ஆதாயமும் அபாயமும் அறிந்தே ஏற்றவருக்கு உரியனவாயிருந்தன. இன்றோ ஆதாயம் விலையினுள் அடக்கப்பட்டுவிட்டது. அபாயம் அதுபற்றி அறியாத நுகர்வோரையும் சேர்கிறது. ஒரு கருவியின் எல்லை எவ்விடத்தில், எவரால், எவர் நலன் கருதி வகுக்கப்பட்டது என்பதை அறியும் உரிமை அதனை வாங்குவோர்க்கு உண்டு. பொறியியலாளர் மட்டுமன்றிச் சமூகவியல் நோக்குடையோரும் இவ்வினாவை எழுப்புதல் அவசியம். அதற்குத் தேவையான அறிவு, தொழில்நுட்பத்தை வியக்காது விளக்கும் தமிழ் எழுத்தின் வாயிலாகப் பரவலாதல் வேண்டும்.