நெற்றிக்குள் ஒரு டிஷ்

பிரிடேட்டர் என்ற அமெரிக்க ஆளில்லா உளவு விமானத்தின் முகம் ஒருமுறை பார்த்தால் மறக்காது. விமானி உட்காரும் இடமில்லை, கண்ணாடி இல்லை; வழவழவென்று புடைத்த நெற்றி மட்டும். அந்தப் புடைப்புக்குள் இருப்பது சுமார் 75 சென்டிமீட்டர் அகல டிஷ் ஆன்டெனா. நம் மொட்டைமாடி டிடிஎச் டிஷ்ஷுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுக்குமே கேயூ பேண்ட் அலைகள்தான். மாடி டிஷ் ஒரே திசையில் நின்று வாங்க மட்டும் செய்யும். விமானத்து டிஷ்ஷோ, விமானம் எப்படிச் சாய்ந்தாலும் செயற்கைக்கோளிலிருந்து பார்வையை எடுக்காமல், வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும்.

தரையிலிருந்து நேரடி ரேடியோவில் பேசினால் சில நூறு கிலோமீட்டரில் பூமியின் வளைவு மறித்துவிடும். அதற்கு மேல் போக செயற்கைக்கோள் வேண்டும். இடைவிடாத வீடியோவைச் சுமக்க ராணுவச் செயற்கைக்கோள்களில் போதிய இடம் இருக்கவில்லை. அதனால் டிவி சேனல்களைப் போலவே ராணுவமும் வணிகச் செயற்கைக்கோள்களில் அலைவரிசையை வாடகைக்கு எடுத்தது.

இங்கே ஒரு சிக்கல். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. படம் ஏறி இறங்க கால் விநாடி. அதைப் பார்த்து இயக்குபவர் தரும் கட்டளை போய்ச் சேர இன்னொரு கால் விநாடி. கணினிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு விநாடியைத் தாண்டிவிடும். நடுவானில் இது பெரிதல்ல. ஓடுபாதை நெருங்கும்போது ஒரு விநாடி மிக நீண்ட நேரம். ஆகவே அமெரிக்காவின் நெவாடாவில் உட்கார்ந்து ஆப்கானிஸ்தான் மீது ஓட்டியவர்கள், விமானத்தை ஏற்றி இறக்கும் வேலையை அங்குள்ள தளத்தின் குழுவிடமே விட்டார்கள். அந்தக் குழு நேரடி ரேடியோவில் இயக்கியது.

என்னைத் திடுக்கிட வைப்பது வேறொன்று. 2002-ல் பால்கன் பகுதி மீது பறந்த நேட்டோ கண்காணிப்பு விமானங்களின் வீடியோ, குறியாக்கம் செய்யப்படாமல் வணிகச் செயற்கைக்கோள் வழியாக வந்துகொண்டிருந்தது தெரியவந்தது. சாதாரண டிஷ் வைத்திருந்தவர்களே பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகும் 2009-ல், ஈராக்கியக் கிளர்ச்சியாளர்கள் 26 டாலர் விலையுள்ள ஸ்கைகிராப்பர் மென்பொருளால் பிரிடேட்டர் படங்களைப் பிடித்த செய்தி வெளியானது. இந்த ஓட்டை பாஸ்னியப் போர் நாட்களிலிருந்தே அமெரிக்க ராணுவத்துக்குத் தெரியும். அதைப் பயன்படுத்தும் திறமை எதிரிக்கு இருக்காது என்று நினைத்துவிட்டார்கள். கீழே வீட்டு வாசலில் நின்றவருக்கோ, தன்னை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறிய வழியே இருக்கவில்லை.