மண்ணால் எழுந்த மகாவிகாரம்

கருங்கல்லிலே கோயில் கண்டு பழகிய நமக்கு, வண்டலும் சேறுமன்றிக் கல்லே அரிதான வங்காளச் சமவெளியில், மண்ணைப் பிசைந்து சுட்ட செங்கல்லைக் கொண்டே இந்திய உபகண்டத்தின் மாபெரும் பௌத்த விகாரங்களுள் ஒன்றை எழுப்பிய சிற்பிகளின் சாமர்த்தியம் பேராச்சரியம் அளிப்பதாகும். வங்கதேசத்தின் நவ்காவ் மாவட்டத்தில், பகார்ப்பூரில் சிதைந்து நிற்கும் சோமபுர மகாவிகாரமே அது.

பாலவம்சத்து மன்னன் தர்மபாலன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இது எழுந்தது என்பதற்கு, அகழ்வாராய்ச்சியில் அகப்பட்ட, அவன் பெயர் பொறித்த களிமண் முத்திரைகளே சாட்சி. அங்கேயே கிடைத்த 479ஆம் ஆண்டுச் செப்பேடொன்று, சமணப் பள்ளிக்கு ஓர் அந்தணத் தம்பதியர் வழங்கிய பூமிதானத்தைக் கூறுவதால், பௌத்தருக்கு முன்பே அவ்வட்டாரம் தவத்தோர் வாழ்ந்த இடமாக இருந்தமை புலனாகிறது.

பக்கத்துக்கு 900 அடிக்கு மேல் நீளும் சதுரத்தின் நான்கு ஓரங்களிலும் பிக்ஷுக்களுக்கான 177 அறைகள், தாழ்வாரத்தின் வழியாக நடுமுற்றத்தை நோக்கித் திறந்திருந்தன. அவற்றுள் 92 அறைகளில் பிற்காலத்தில் அலங்காரப் பீடங்கள் அமைக்கப்பட்டமையால், வாசஸ்தலம் மெல்ல மெல்ல வழிபாட்டிடமாகவும் மாறியதென ஊகிக்கலாம். முற்றத்தின் நடுவே, கூட்டல் குறியைப் போல் நாற்றிசையும் கிளைத்து, பிரதக்ஷிணப் பாதைகளுடன் அடுக்கடுக்காக உயர்ந்த ஆலயம், மேற்பகுதி அழிந்த பின்னும் ஏறத்தாழ 70 அடி நிற்கிறது. அதன் செங்கற்களை இணைத்த சாந்தும் சேற்றுமண்ணே.

ஆலயச் சுவர்களைச் சுற்றிப் பதித்த சுடுமண் பலகைகளோ அக்காலத்து ஜனசமூகத்தையே நம்முன் நிறுத்துகின்றன. கிணற்று நீரில் தன் பிரதிபிம்பத்தைக் கண்டு சீறும் பஞ்சதந்திரச் சிங்கம் ஒன்றில். கழைக்கூத்தாடியும் வேடனும் வாத்தியக்காரனும் வேறு பலவற்றில். பௌத்த ஆலயமாயினும் அதன் அடித்தளத்தில் வைதிக தெய்வங்களின் கற்சிலைகளும் இடம்பெற்றிருப்பது, அதைக் கட்டியோரின் விசாலமான மனத்துக்குச் சான்றாகும்.

அந்நாளில் வங்காளம் என வழங்கிய தென்கிழக்கு வங்கப் பகுதியின் படையினர் இவ்விகாரத்துக்குத் தீயிட்டதையும், பின்னர் விபுலஸ்ரீமித்திரர் என்னும் துறவி இங்கே பௌத்தப் பெண்தெய்வமான தாரைக்கு ஆலயம் எடுத்ததையும் நாளந்தாவில் கிடைத்த சாசனம் கூறுகிறது. ஆதரித்த அரசு வீழ்ந்தபின் விகாரமும் கைவிடப்பட்டு மண்மேடாயிற்று. 1985இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட இதன் பலகைகளை இன்று ஈரமும் உப்புமே அரிக்கின்றன. கல்வெட்டில் பெயர் பெறாத எளிய மக்களின் வாழ்வைச் சொல்லும் சரித்திரம் அப்பலகைகளில்தான் உள்ளது என்பதால், அவற்றைக் காப்பது அரசரின் சாசனங்களைக் காப்பதற்குச் சற்றும் குறையாத கடமையாகும்.