எலும்பிலிருந்து இறங்கும் ஈயம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில், செலவை மிச்சம் பிடிப்பதற்காக, டெட்ராய்ட் குடிநீரை விட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருளை அதில் கலக்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. ஆகஸ்டு, செப்டம்பரில் நீரில் கிருமி இருப்பது தெரிந்து, காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும்.

இயந்திர பாகங்கள் அரிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அக்டோபரிலேயே வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. ஊருக்குப் பழைய தண்ணீர் திரும்ப மேலும் ஓராண்டு ஆயிற்று. அதுவும், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை டாக்டர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டம்பரில் வெளிப்படுத்திய பிறகு.

கர்ப்பிணிகள் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. உடல் ஈயத்தைக் கால்சியம் போலவே நடத்தி எலும்பில் சேர்த்துவைக்கிறது. அங்கே அது பல பத்தாண்டுகள் தங்கும். வயிற்றுப் பிள்ளைக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த ஈயமும் ரத்தத்தில் இறங்கும். நச்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. தாயின் ரத்த அழுத்தம் ஏறலாம். கருச்சிதைவு, குறைப்பிரசவ ஆபத்தும் கூடும். ஆகவே இன்றைய தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது. உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் எலும்பு கரைவது குறையும். மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் ஈயம் ஓரளவு குறைந்தது. இரும்புச் சத்து குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகை மலிந்த நம் ஊர்களும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஈயத்தோடு பயமும் சேர்கிறது. இந்தத் தண்ணீரில் குளிக்கலாமா, சமைக்கலாமா, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பால் மாவு கரைக்கலாமா? இப்படி மாதக்கணக்கில் நீளும் கவலையில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது. தாயின் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை நச்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். நெருக்கடி நீண்டால் அந்த நொதியே தளரக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கவலையும் குறைப்பிரசவ ஆபத்தைக் கூட்டுகிறது. ஈயம் ஒரு வழியில் செய்வதைப் பயம் இன்னொரு வழியில் செய்கிறது.

அப்படிக் கவலையில் இருக்கும் கர்ப்பிணியிடம் “கவலைப்படாதே அம்மா” என்று சொல்வது எளிது. அவள் வீட்டுக் குழாயைச் சோதித்து முடிவைக் கையில் கொடுப்பதும், ஈயக் குழாயைத் தோண்டி எடுப்பதும்தான் வைத்தியம். நெருக்கடி தொடங்கி ஐந்தாண்டுகள் கழிந்த பிறகும் ஃபிளின்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்ததாக ஓர் ஆய்வு கணித்தது. ஏறத்தாழ 11,000 ஈயக் குழாய்களை மாற்றி முடித்ததாக அறிவிப்பு வந்தது 2025இல்தான்.