சடாயு விழுந்த ஊர் எது?

செட்டிகுளத்தில் அம்மம்மா இராமாயணம் சொல்லும்போது சடாயுவின் கட்டம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். 'எங்க விழுந்தவர் அம்மம்மா?' என்று கேட்டால், 'இந்தியாவில எங்கயோ' என்பார். அந்த 'எங்கயோ'வுக்கு உரிமை கோரும் ஊர்கள் பல என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருப்புட்குழியின் பெயரிலேயே 'புள்' இருக்கிறது. சடாயுவுக்கு இராமர் ஈமக்கடன் செய்தது அங்குதான் என்பது வைணவர் நம்பிக்கை. வைத்தீசுவரன்கோயிலின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். அங்கு சடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். ஆந்திராவின் லேபாட்சியில் 'லே பட்சி', அதாவது 'பறவையே எழுந்திரு' என்று இராமர் சொன்னதால் ஊர்ப்பெயர் வந்தது என்கிறார்கள். கேரளத்தின் சடயமங்கலத்தில் 200 அடி நீளத்தில் சிலையே வைத்துவிட்டார்கள்.

வால்மீகி என்ன சொல்கிறார்? சடாயுவை எரித்தபின் இராமலட்சுமணர் நீர்க்கடன் செய்தது கோதாவரியில். நதியின் பெயர் இருக்கிறது. ஊரின் பெயர் இல்லை. மேலே சொன்ன நான்கு ஊர்களும் கோதாவரிக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருக்கின்றன. ஊர்ப்பெயரில் பறவை தெரிந்தால் கதையும் அங்கே வந்து இறங்கிவிடும் போலும்.

கிரேக்கத்திலும் இதே பாடுதான். ஹார்ப்பிகள் என்ற சிறகுப் பெண்களை ஹெசியோட் அழகிய கூந்தலுடையவர்கள் என்றார். உரோமக் கவிஞர் வேர்ஜில் அவர்களை உணவை அசுத்தப்படுத்தும் நாற்றப் பிறவிகளாக்கினார். சைரன்களின் உருவத்தை ஹோமர் சொல்லவேயில்லை. பானைகளில் வரைந்தவர்கள் பறவை உடல் கொடுத்தார்கள், பிந்திய காலத்தவர் மீன் வாலும் கொடுத்தார்கள்.

சடாயுவின் அண்ணன் சம்பாதி பற்றியும் இரண்டு பேச்சு உண்டு. சூரியனிடமிருந்து தம்பியைக் காக்கப்போய்ச் சிறகு கருகியவர் அவர். வால்மீகியில், முனிவர் முன்பே சொன்னபடி, வானரருக்குச் சீதை பற்றிச் சொல்லும் வேளையில் சிறகு முளைக்கிறது. கம்பரில் வானரர் இராம நாமம் சொல்ல முளைக்கிறது.

எனக்கு ஊரையும் சிறகையும் விட வேறொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. வால்மீகியில் சடாயுதான் சீதையைக் கடைசியாகக் கண்ட சாட்சிகளில் முதன்மையானவர். தெற்கே கொண்டுபோனான், கொண்டுபோனவன் இராவணன் என்று சொல்லிவிட்டே சாகிறார். இலங்கையில் இருக்கிறாள் என்பதை அண்ணன் சொல்கிறார்.

2009இல் எங்கள் ஊரின் மெனிக் பாம் முகாமுக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டதும் அதைத்தான்: 'கடைசியா எங்க கண்டனீங்கள்?' ஒருவர் முள்ளிவாய்க்கால் என்பார், இன்னொருவர் வட்டுவாகல் என்பார். 2017இலிருந்து வவுனியாவில் போராட்டக் கொட்டகையில் இருக்கும் தாய்மார் இன்றும் அதையே கேட்கிறார்கள்.