உங்கள் கம்ப்யூட்டருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். சில தளங்களைத் திறந்தவுடன் பிரவுசரின் மேல் பகுதியில் ஒரு சிறிய பெட்டி எட்டிப் பார்க்கும். இந்தத் தளம் உங்கள் இருப்பிடத்தை அறிய விரும்புகிறது, அனுமதிக்கலாமா என்று அது கேட்கும். அனுமதி தந்தால் மேப்பில் ஒரு நீலப் புள்ளி தோன்றும். சிலருக்கு அந்தப் புள்ளி வீட்டின் மேலேயே வந்து உட்காரும். சிலருக்குப் பக்கத்துத் தெருவில் நிற்கும். இன்னும் சிலருக்கோ வேறு ஊரையே காட்டும்.

"என் மொபைல் போனில் சரியாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் தவறு? கம்ப்யூட்டர் பழுதா?" என்று நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பழுது எதுவும் இல்லை. உங்கள் இருப்பிடம் பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குத் தெரியவே தெரியாது. அது மற்றவர்களிடம் கேட்டுச் சொல்கிறது. யாரிடம் கேட்கிறது என்பதைப் புரிந்து கொண்டால், எப்போது அந்தப் புள்ளியை நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

இது ஏதோ மேப் பார்த்து விளையாடும் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். நான் வேலை பார்க்கும் இடத்தில், ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் வெப் அப்ளிகேஷன் பராமரிப்புக்காக எங்களிடம் வந்தது. வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துச் செல்ல அதில் பதிவு செய்யலாம். 'என் இருப்பிடத்தைப் பயன்படுத்து' என்ற பட்டனை அழுத்தினால் ஊரையும் அருகில் உள்ள கிளையையும் அதுவே நிரப்பிக் கொள்ளும். வீட்டு எண்ணும் தெருவும் மட்டும் நாம் டைப் செய்தால் போதும். தேனியில் இருந்து ஒரு பெரியவர் தன் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பதிவு செய்திருந்தார். பதிவு போய்ச் சேர்ந்ததோ சுமார் 500 கி.மீ. தள்ளி உள்ள சென்னைக் கிளைக்கு. அவர் சர்க்கரை நோயாளி. வெறும் வயிற்றில் காலை பத்து மணி தாண்டியும் காத்திருந்தார். மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். போன் செய்து கேட்டதற்கு, "நீங்கள்தான் தவறான ஊரைக் கொடுத்திருக்கிறீர்கள்" என்று பதில் வந்ததாம். அவர் ஊர் எதையும் டைப் செய்யவே இல்லை!

அந்தப் புகாரை ஆராய்ந்த போது நான் பார்த்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேட்பது பிரவுசர், சொல்வது யார்?

ஒரு வெப் பக்கம் உங்கள் இருப்பிடத்தைக் கேட்பதற்கான வழிமுறையை டபிள்யூ 3 சி அமைப்பு வகுத்தது. 2009 ஜூனில் வெளியான பயர்பாக்ஸ் 3.5 பிரவுசரிலேயே இது இருந்தது. 2013 அக்டோபரில் முறையான தரக் கட்டுப்பாடாக அறிவிக்கப்பட்டது. இதில் வெப் பக்கம் கேள்வி மட்டுமே கேட்கும். பதிலைத் தேடித் தருவது பிரவுசரும், விண்டோஸ் போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டமும்தான். அவை பதில் தேடும் இடங்கள் மூன்று.

முதலாவது ஜி.பி.எஸ். வானில் சுற்றும் சாட்டிலைட்டுகளின் சிக்னலைக் கொண்டு கணக்கிடுவது. திறந்த வெளியில் மொபைல் போனில் சுமார் 5 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். ஆனால் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களிலும் பெரும்பாலான லேப்டாப்களிலும் ஜி.பி.எஸ். சிப் கிடையாது. போனில் சரியாகவும் கம்ப்யூட்டரில் தவறாகவும் இருப்பதன் முதல் காரணம் இதுவே.

இரண்டாவது வை-பி. உங்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி எந்தெந்த வை-பி ரௌட்டர்களின் சிக்னல் வருகிறது என்று ஒரு பட்டியல் தயாராகும். பக்கத்து வீட்டு ரௌட்டருடன் நீங்கள் இணைய வேண்டியதில்லை. அதன் சிக்னல் எட்டினாலே போதும். ஒவ்வொரு ரௌட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. இந்தப் பட்டியலை கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் போன்ற நிறுவனங்களின் சர்வருக்கு அனுப்பினால், அவை தம் டேட்டாபேஸில் தேடி இருப்பிடத்தைச் சொல்லும். ஜி.பி.எஸ். உள்ள போன்கள் தெருவில் போகும்போது சேகரித்துத் தந்த தகவல்களால் வளர்ந்த டேட்டாபேஸ் அது. ரௌட்டர்கள் நெருக்கமாக உள்ள நகரத் தெருவில் இந்த முறை நன்றாக வேலை செய்யும்.

ஆனால் கூகுளின் இருப்பிடச் சேவைக்குக் குறைந்தது இரண்டு ரௌட்டர்களாவது பட்டியலில் இருக்க வேண்டும். தோப்புக்கு நடுவே தனி வீடு, உங்கள் ரௌட்டர் ஒன்றுதான் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். வை-பி கார்டு இல்லாமல் கேபிளில் மட்டும் இணைந்துள்ள டெஸ்க்டாப்பிலும் இதே கதிதான். தேனிப் பெரியவரின் கம்ப்யூட்டர் அப்படிப்பட்டதே.

மூன்றாவது, கடைசிப் புகலிடம், ஐ.பி. முகவரி. இன்டர்நெட் இணைப்புத் தரும் நிறுவனம் உங்கள் இணைப்புக்கு வழங்கும் எண் இது. இந்த எண் எந்த ஊரைச் சேர்ந்தது என்று ஊகித்து வைத்திருக்கும் டேட்டாபேஸ்கள் உண்டு. அந்த நிறுவனத்தின் முக்கிய இணைப்பு மையம் சென்னையில் இருந்தால், தேனியில் இருக்கும் நீங்களும் சென்னைவாசியாகத் தெரிவீர்கள்.

ஒரு பண்ணை வீட்டின் கதை

ஐ.பி. முகவரி ஊகம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மேக்ஸ்மைண்ட் என்பது ஐ.பி. முகவரிகளுக்கு இருப்பிடம் சொல்லும் டேட்டாபேஸ் நிறுவனம். ஒரு முகவரி அமெரிக்காவில் உள்ளது என்பதற்கு மேல் எதுவும் தெரியாவிட்டால், நாட்டின் நடுப்புள்ளியைத் தந்துவிடுவது அதன் வழக்கம். அந்தப் புள்ளியை எளிமையாக்கி, வடக்கு அட்சரேகை 38, மேற்கு தீர்க்கரேகை 97 என்று 2002 ஆம் ஆண்டு வைத்துக் கொண்டது. அந்த இடம் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகில் உள்ள ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. இன்டர்நெட்டில் ஏமாற்றப்பட்டவர்களும், போலீசாரும், புலனாய்வு அதிகாரிகளும் ஆண்டுக்கணக்கில் அந்தக் கதவைத் தட்டிக் கொண்டிருந்தனர். காரணம் வீட்டில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. 2016 ஆம் ஆண்டு காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் இதைக் கண்டறிந்து எழுதிய பின்னரே, அந்த நிறுவனம் நடுப்புள்ளியை ஓர் ஏரிக்கு மாற்றியது. 'தெரியாது' என்ற பதிலைக் கூட ஒரு புள்ளியாக வைத்துக் காட்டினால், பார்ப்பவர்கள் அதை முகவரி என்றே நம்பிவிடுவார்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

பிரவுசர் தரும் பதிலில் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றுடன் இன்னொரு எண்ணும் வரும். அதுதான் துல்லிய அளவு; மீட்டரில் இருக்கும். 20 என்றால், புள்ளியில் இருந்து 20 மீட்டருக்குள் நீங்கள் இருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று பொருள். 25000 என்றால் 25 கி.மீ. சுற்றளவில் எங்கோ!

இதை நீங்களே பார்க்கலாம். ஓபன் ஸ்ட்ரீட் மேப் தளத்தைத் திறந்து, வலது ஓரத்தில் அம்பு போல் உள்ள இருப்பிடப் பட்டனில் கிளிக் செய்திடவும். அனுமதி தந்தவுடன், இந்தப் புள்ளியில் இருந்து இத்தனை மீட்டருக்குள் இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் காட்டும். எண் நூறுக்குள் இருந்தால் வை-பி வேலை செய்கிறது எனலாம். ஆயிரக் கணக்கில் இருந்தால் ஐ.பி. முகவரி ஊகமாக இருக்கக்கூடும். இந்த எண்ணும் ஒரு மதிப்பீடுதான் என்பதை மறக்க வேண்டாம். தேனிப் பதிவில் இருந்த எண் 25000. உண்மையில் தவறியதோ 500 கி.மீ. எனவே எண் பெரிதாக இருந்தால் புள்ளியை அடியோடு ஒதுக்கிவிடவும்.

வரிசையாகச் சரி பாருங்கள்

1. பிரவுசர் அனுமதி: குரோம் பிரவுசரில் முகவரிக் கட்டத்தின் இடது ஓரத்தில் உள்ள ஐகானில் கிளிக் செய்திடவும். லொகேஷன் என்ற வரி தடை செய்யப்பட்டிருந்தால் அனுமதிக்கு மாற்றி, பக்கத்தை ரீலோட் செய்திடவும். ஒருமுறை தடை செய்தால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக் கொள்ளும். மீண்டும் கேட்காமல் இருக்கலாம்.

2. விண்டோஸ் அனுமதி: விண்டோஸ் 11 சிஸ்டத்தில் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பின் லொகேஷன் எனத் தேர்ந்தெடுக்கவும். லொகேஷன் சர்வீசஸ் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதே பக்கத்தின் கீழே டெஸ்க்டாப் அப்ளிகேஷன்களுக்கான அனுமதியும் தனியே உள்ளது. மேலே உள்ளதை ஆன் செய்துவிட்டு இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

3. வை-பி ஆன் செய்திடவும்: கேபிளில் இன்டர்நெட் வந்தாலும், கம்ப்யூட்டரில் வை-பி வசதி இருந்தால் அதை ஆன் நிலையில் வைக்கவும். அக்கம் பக்கத்து ரௌட்டர்களைக் கண்டுகொள்ள அது வேண்டும்.

4. வி.பி.என். உள்ளதா?: வி.பி.என். பயன்படுத்தினால் உங்கள் ஐ.பி. முகவரி வேறு ஊரையோ வேறு நாட்டையோ காட்டும். அதை நிறுத்திவிட்டுப் பார்க்கவும்.

5. வீடு மாறினீர்களா?: பழைய ரௌட்டரையே புது வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால், டேட்டாபேஸ் புதுப்பிக்கப்படும் வரை அது பழைய வீட்டையே காட்டலாம். சில நாட்கள் பொறுத்திருக்கவும்.

6. போனின் ஹாட்ஸ்பாட்: போனில் இருந்து இன்டர்நெட் எடுத்தால் போனின் ஜி.பி.எஸ். துல்லியமும் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வருவது இன்டர்நெட் இணைப்பு மட்டுமே.

7. போனிலேயே தவறாக இருந்தால்: 2020 ஆம் ஆண்டின் ஐ.ஓ.எஸ். 14, 2021 ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்ட் 12 ஆகியவற்றில் இருந்து, துல்லியமான இருப்பிடம், தோராயமான இருப்பிடம் என இரு வகை அனுமதிகள் உள்ளன. பிரவுசருக்குத் தோராயம் மட்டும் தந்திருந்தால் புள்ளி தள்ளியே விழும்.

இவற்றை எல்லாம் செய்தும் எண் குறையவில்லை என்றால், உங்கள் இடத்தில் அதற்கு மேல் தகவல் இல்லை என்று பொருள். கம்ப்யூட்டரை பார்மட் செய்வதாலோ, பிரவுசரை நீக்கி மீண்டும் இன்ஸ்டால் செய்வதாலோ பயன் எதுவும் இராது. அதற்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

வெப் பக்கம் தயாரிப்பவர்களுக்கு

வாசகர்களில் சிலர் சொந்தமாக வெப் பக்கம் எழுதிப் பழகி வருவீர்கள். உங்களுக்கு நான்கு குறிப்புகள். 2016 ஏப்ரலில் வந்த குரோம் 50 முதல், பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். பக்கங்களுக்கு மட்டுமே இருப்பிடம் கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கும் லோக்கல் ஹோஸ்ட் விதிவிலக்கு. காத்திருக்கும் நேரத்திற்கு நீங்கள் வரம்பு தராவிட்டால் பிரவுசருக்கு வரம்பே கிடையாது. பயனாளர் வெற்றுத் திரையைப் பார்த்துக் கொண்டிருப்பார். தோல்வி என்றால் காரணத்தைப் பார்க்கவும்: எண் 1 அனுமதி மறுப்பு, 2 இருப்பிடம் கிடைக்கவில்லை, 3 நேரம் முடிந்தது. மூன்றுக்கும் ஒரே செய்தி காட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது. நான்காவதுதான் முக்கியம். பதில் வந்தாலும் துல்லிய எண்ணைப் பார்த்த பின்னரே பயன்படுத்தவும்.

அந்தப் பரிசோதனை நிலைய அப்ளிகேஷனில் நாங்கள் செய்த மாற்றமும் இதுவே. துல்லிய எண் 1000 மீட்டரைத் தாண்டினால் ஊரை நிரப்பாமல், ஆறு இலக்க பின்கோடு கேட்கும். எண் சிறிதாக இருந்தாலும், "ஊர் தேனி, சரியா?" என்று ஒருமுறை கேட்டு, பயனாளர் ஆம் என்ற பிறகே பதிவை அனுப்பும். நம் நாட்டில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. சாட்டிலைட் எதுவும் தேவையில்லாத அந்தப் பழைய எண், கேபிளில் இணைந்த டெஸ்க்டாப்பின் ஊகத்தைவிட நம்பகமானது.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். காஸ் சிலிண்டரோ, மருந்தோ, ரத்தப் பரிசோதனையோ எதற்குப் பதிவு செய்தாலும், தானாக நிரம்பிய ஊர்ப் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்து, பின்கோடும் அருகில் உள்ள அடையாளமும் டைப் செய்திடவும். ஆம்புலன்ஸ் அழைக்கும்போது கம்ப்யூட்டர் மேப்பில் உள்ள புள்ளியைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ, இவற்றை வாயால் சொல்லவும்.