திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையம்

திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையம், தமிழ்நாட்டின் நடுப்பகுதி மாவட்டங்களுக்குப் பயணிகள் சேவையும் சரக்குச் சேவையும் வழங்கும் வானூர்தி நிலையம் ஆகும். இது திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இந்திய வானூர்தி நிலையங்களின் ஆணையம் இதனை நிர்வகித்து வருகிறது.

வரலாறு

டாடா நிறுவனத்தின் அஞ்சல் வானூர்திச் சேவை 1938-இல் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீட்டிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் ஏர் சிலோன் நிறுவனமும் திருச்சிக்கு வானூர்திகளை இயக்கியது. பிற்காலத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜா ஆகிய நகரங்களுக்கும் சேவைகள் தொடங்கின. 2009-இல் ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டது. 2012-இல் பன்னாட்டு வானூர்தி நிலையம் என்ற தகுதி கிடைத்தது. ரூ.1,100 கோடிக்கும் மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட புதிய முனையத்தைப் பிரதமர் 2024 சனவரி 2 அன்று திறந்து வைத்தார். அதே ஆண்டு சூன் மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளைக் கையாளும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

ஓடுபாதை

இங்குள்ள ஓடுபாதையின் நீளம் 8,136 அடி, அதாவது ஏறத்தாழ 2,480 மீட்டர். இதன் பெயர் 09/27. ஓடுபாதையின் திசையைப் பாகையில் அளந்து பத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 09 என்பது கிழக்கு நோக்கியும் 27 என்பது மேற்கு நோக்கியும் செல்வதைக் குறிக்கும்.

வெப்பம் மிகுந்த நாளில் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதனால் மேலெழும்ப வானூர்திக்குக் கூடுதல் வேகமும் கூடுதல் தொலைவும் தேவைப்படுகின்றன. ஓடுபாதை போதாதபோது எடையைத்தான் குறைக்க வேண்டும். பயணிகளையும் எரிபொருளையும் குறைப்பது எளிதன்று. ஆகவே பெரும்பாலும் சரக்கே குறைக்கப்படுகிறது.

சரக்குப் போக்குவரத்து

காய்கறி, பழம், பூ போன்ற விரைவில் கெடும் பொருள்கள் இங்கிருந்து அனுப்பப்படுகின்றன. சுங்கச் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றுடன், தாவரப் பொருள்களுக்குப் பூச்சி, நோய் இல்லை என்னும் சான்றும் தேவை. இவை முடிந்த பின் சரக்கு வானூர்தியில் ஏற்றப்படுகிறது.

இச்சரக்கு பெரும்பாலும் பயணிகள் வானூர்தியின் அடிப்பகுதி அறையிலேயே செல்கிறது. இங்கு வந்து செல்பவை பெரும்பாலும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகை வானூர்திகள். பயணிகளின் பெட்டிகள் போக மீதியுள்ள இடமே சரக்குக்குக் கிடைக்கும். அகன்ற உடல் கொண்ட பெரிய வானூர்திகள் பல மடங்கு சரக்கை ஏற்றக்கூடியவை.

எதிர்நோக்கும் சிக்கல்கள்

முதலாவது, வான்சேவை உடன்பாடு. ஒரு நாட்டின் நிறுவனம் மற்றொரு நாட்டின் எந்தெந்த ஊர்களுக்கு வரலாம் என்பதை இரு அரசுகளும் உடன்பாட்டின் மூலம் முடிவு செய்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்துடனான பட்டியலில் திருச்சி இடம்பெறவில்லை. எனவே துபாய், சார்ஜா சேவைகளை இந்திய நிறுவனங்களே இயக்குகின்றன.

இரண்டாவது, ஓடுபாதை நீட்டிப்பு. இதற்குச் சுற்றியுள்ள நிலம் தேவை. நீட்டித்தால் விளைபொருளுக்குச் சந்தை விரியும். ஆனால் அதற்காக நிலத்தையும் வீட்டையும் கொடுப்பவர்களுக்கு நியாயமான இழப்பீடு கிடைக்க வேண்டும். நீட்டிப்பின் பயனைப் போலவே இதுவும் கணக்கில் கொள்ளவேண்டிய செலவாகும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2018 அக்டோபர் 12 அதிகாலை துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வானூர்தி, ஓடுபாதையின் முடிவில் இருந்த வழிகாட்டும் அலைவாங்கியிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. பின்னர் அது மும்பையில் பத்திரமாகத் தரையிறங்கியது.

2024 அக்டோபர் 11 அன்று சார்ஜாவுக்குப் புறப்பட்ட வானூர்தியில் நீரியல் அமைப்பு பழுதடைந்தது. போயிங் 737 வானூர்தியில் பறக்கும்போது எரிபொருளை வெளியேற்றும் வசதி இல்லை. ஆகவே எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைக்க, அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டுப் பின் திருச்சியிலேயே தரையிறங்கியது. இரு நிகழ்வுகளிலும் உயிரிழப்பு இல்லை.