படி எண்ணும் அச்சுப்பொறி

ஆண்டுதோறும் டிசம்பர் 31 ஆம் நாள் திருத்தணி மலையில் படித் திருவிழா நடைபெறுகிறது. முருகன் கோயிலுக்குச் செல்லும் படிகள் 365. பக்தர்கள் ஒவ்வொரு படியிலும் நின்று கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழைப் பாடிவிட்டு அடுத்த படிக்குச் செல்வார்கள். விரைந்து ஏறும் குழு உண்டு. மூச்சு வாங்க நின்று நின்று ஏறும் குழுவும் உண்டு. ஆனால் எந்தக் குழுவும் கடிகாரத்தைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றுவதில்லை. படி வந்தால் கற்பூரம், அவ்வளவுதான்.

மாணவ நண்பர்களே! ஊர்க் கடைவீதியில் உங்கள் நுழைவுச்சீட்டை அச்சிட்டுத் தருகிறதே இங்க்ஜெட் பிரிண்டர், அதுவும் இம்முறையில்தான் வேலை செய்கிறது என்றால் நம்புவீர்களா?

இந்தப் பொறிக்கு எழுத்துத் தெரியாது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த ஊர். இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊர். தட்டச்சுப் பொறிக் காலத்தில் இரு மொழிக்கும் இரு பொறிகள் வேண்டியிருந்தன. இங்க்ஜெட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு எல்லாம் புள்ளிகளே. எந்த இடத்தில் மை, எந்த இடத்தில் வெற்றிடம் என்பது மட்டுமே அதன் பாடம்.

புள்ளி இடுவது அச்சுத்தலை. தாளின் குறுக்கே இடமும் வலமுமாக ஓடும் இத்தலையின் அடியில் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வரிசையாக உள்ளன. 1984 இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட திங்க்ஜெட் பொறியில் 12 துளைகளே இருந்தன. இன்றைய தலைகளில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒருவகைத் தலையில் துளைக்கு அருகே ஒரு சிறு மின்தடை இருக்கும். ஓரிரு மைக்ரோ விநாடிகள் மின்சாரம் பாய்ந்ததும் அது ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குச் சூடாகிறது. அதை ஒட்டிய மையின் மெல்லிய படலம் ஆவியாகிக் குமிழாகிறது. குமிழ் ஒரு துளி மையை வெளியே தள்ளிவிட்டு அடங்குகிறது. மற்றொரு வகையில் குமிழ் இல்லை. மின்னழுத்தம் தந்தால் வடிவம் மாறும் படிகம் மையைப் பிதுக்குகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் கட்டும் பெரிய பிளக்ஸ் பதாகைகளை அச்சிடும் பொறிகளில் உள்ளது இவ்வகையே.

துளி தெறிப்பதைக் காட்டிலும் வியப்பானது, அது எப்போது தெறிக்க வேண்டும் என்று பொறி அறிந்துகொள்ளும் விதம்.

மூடியைத் திறந்து பார்த்தால், அச்சுத்தலை ஓடும் பாதை நெடுகிலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நாடா ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது முழுவதும் கறுப்புக் கோடுகள். பல பொறிகளில் அங்குலத்துக்கு 150 கோடுகள். இவைதாம் நம் படிகள். தலையின் பின்புறம் ஒரு சிறு விளக்கும் இரண்டு ஒளி உணர்விகளும் நாடாவை இருபுறமும் கவ்வியபடி செல்கின்றன. கோடு குறுக்கிட்டால் இருட்டு, விலகினால் வெளிச்சம். ஓர் உணர்வி போதாதா? போதாது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை அது சொல்லாது. இரண்டையும் கோட்டு இடைவெளியில் கால் பங்கு தள்ளி வைத்தால், எது முதலில் இருளடைகிறது என்பதைக் கொண்டு திசை தெரிந்துவிடும். மேலும் ஒரு கோட்டுக்கு நான்கு மாற்றங்கள் கிடைப்பதால் அங்குலத்துக்கு 150 என்பது 600 படிகளாகிறது.

பழைய பொறிகள் பலவற்றில் படி மோட்டார் இருந்தது. "நூறு படி நகர்" என்றால் நகரும். இடையில் ஒரு படி தவறினாலும் அதற்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மலையேறுவது போலத்தான்.

தலை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு விநாடியில் ஏறத்தாழ 12,000 படிகளைக் கடக்கும். ஒவ்வொரு படியிலும் எந்தெந்தத் துளை தெறிக்க வேண்டும் என்ற பட்டியல் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். கணிப்பொறி அனுப்பும் படத்தை நுண்செயலி நினைவகத்தில் வாங்கி வைத்து, கிடைவரிகளாக வந்த புள்ளிகளைத் துளை வரிசைக்கு ஏற்ப நெடுக்காக மாற்றி அடுக்குகிறது. தலை புறப்படும் முன்பே இவ்வேலை முடிந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. துளைக்கும் தாளுக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர், துளியின் வேகம் விநாடிக்கு ஏழரை மீட்டர் என்றால், துளி தாளை அடைய 200 மைக்ரோ விநாடி ஆகும். தலையின் வேகம் துளிக்கும் உண்டல்லவா? ஓடும் பேருந்திலிருந்து விழுந்த பை முன்னோக்கிப் போய் விழுவது போல, துளி 0.1 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். ஆகவே அந்த அளவு முன்னதாகவே தெறிக்கச் செய்கிறார்கள். திரும்பி வரும்போது எதிர்த்திசையில் முன்னதாக. இத்திருத்தம் இல்லையெனில் போகும் வரிக்கும் வரும் வரிக்கும் 0.2 மில்லிமீட்டர் விலகல் ஏற்பட்டு, நேர்கோடு பல்லிளிக்கும்.

முந்நூறு துளைக்கு முந்நூறு கம்பிகளா? அசையும் தலைக்கு அது பெரும் சுமை. வகுப்பில் "மூன்றாம் வரிசை, ஐந்தாம் இருக்கை" என்று ஆசிரியர் அழைப்பதில்லையா? 16 வரிசை, 20 பத்தி என 36 கம்பிகளால் 320 துளைகளை அழைக்கலாம். எல்லாத் துளைகளும் ஒரே கணத்தில் மின்சாரம் இழுக்காமல், அணி அணியாகத் தெறிக்கவும் இது வழி செய்கிறது.

இனி, "தலை போயிற்று, புதுப் பொறி வாங்குங்கள்" என்று யாரேனும் சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். அச்சில் கிடைமட்டமாக வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தால் துளைகள் அடைத்திருக்கலாம். நெடுக்குக்கோடு வரிக்கு வரி முறிந்து நின்றால் நேரத் திருத்தம் பிசகியிருக்கும். சீரமைப்புத் தாள் ஒன்றை அச்சிட்டால் பெரும்பாலும் சரியாகும். தலை ஓரத்தில் போய் மோதி நின்றுவிட்டால் முதலில் அந்த நாடாவைப் பாருங்கள். மைத்துளியோ எண்ணெய்ப்பசையோ சில கோடுகளை மறைத்திருந்தால் பொறிக்குப் படிக்கணக்கு தவறிவிடும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் நாடாவை இழுக்காமல் மெதுவாகத் துடைக்க வேண்டும். சாராயம் வேண்டாம், சில நாடாக்களில் கோடுகளே அழிந்துபோகும். நாடாவின் ஒரு முனை சிறு வில்லில் மாட்டப்பட்டிருக்கும். அது கழன்றிருந்தால் கோடுகள் தெரியும் பக்கம் மாறாமல் மீண்டும் மாட்டிவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள்.